பெரட்டுக்கு வந்த பூ

அந்தப் பூ முதல்முதலாகப் பதில் சொன்ன காலையில் எங்களில் ஒருத்திகூட ஆச்சரியப்படவில்லை, ஏனென்றால் அந்த ஆடி மாதம் தொப்பிப்பாறை எஸ்டேட்டில் இருபத்தாறு நாளாக விடாத மழை, திறந்த கதவைச் சாத்த முடியாது, சாத்திய கதவைத் திறக்க முடியாது, அடுப்புக்கு மேலே காயப்போட்ட துணியில் பாசி, அரிசி டப்பாவில் பாசி, மாதா படத்துக் கண்ணாடிக்குள்ளே பாசி, இன்னும் நாலு நாள் போனால் கங்காணி மீசையிலும் பச்சை பிடித்துவிடும் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தோம், அப்படிப்பட்ட மழையில் ஒரு பூ வாயைத் திறந்து பேசியது பெரிய அதிசயமா என்று நீங்களே சொல்லுங்கள். அது யாருடைய பேருக்குப் பதில் சொன்னது என்பதுதான் எங்களைத் திரும்பிப் பார்க்க வைத்தது.

என் பேர் தெரேசம்மா. மூன்றாம் டிவிஷன், ஏழாம் லைன், நாலாம் வீடு. இருபத்தெட்டு வருசமாகத் தேயிலைக் கொழுந்து கிள்ளுகிறவள், வாய் கொஞ்சம் நீளம் என்று பேர் வாங்கியவள், ஆனால் பேச வேண்டிய ஒரு நாளில் பேசாமல் நின்றவள். அதையும் சொல்லத்தான் போகிறேன், அவசரப்படாதீர்கள்.

விடிந்தும் விடியாமலும் நாங்கள் முதுகில் கூடையும் தலையில் கம்பளியுமாக வந்து வரிசையில் நிற்க, கணக்கப்பிள்ளை நல்லதம்பி குடைக்குள் நின்றுகொண்டு பேரேட்டைப் பார்த்துப் பேர் கூப்பிடுவார். அதற்குத்தான் பெரட்டு என்று பேர். கூப்பிட்ட பேருக்கு ‘இருக்கேன்யா’ என்று பதில் வந்தால் ஒரு டிக், வராவிட்டால் ஆப்சென்ட். முப்பது வருசத்தில் நல்லதம்பி ஒருநாள்கூட நிமிர்ந்து எங்கள் முகத்தைப் பார்த்தவர் இல்லை, அவருக்கு நாங்கள் எல்லோரும் வெறும் குரல்தான். அன்றைக்கு அவர் “உலகம்மா!” என்று கூப்பிட்டார். என் பக்கத்தில் நின்றவள் வாயைத் திறப்பதற்குள், குழாயடியை ஒட்டியிருக்கும் பாசிப்பாறையிலிருந்து, சளி பிடித்த குரலில், “இருக்கேன்யா” என்று பதில் வந்தது. நல்லதம்பி டிக் அடித்துவிட்டு அடுத்த பேருக்குப் போய்விட்டார்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். பாறையோடு ஒட்டிக்கொண்டு இரண்டே இரண்டு இலை, நடுவிலிருந்து நூல் போல ஒரு காம்பு, அதன் நுனியில் வெளிறிய ரோஸ் நிறத்தில் ஒற்றைப் பூ, பின்பக்கம் கொக்கி மாதிரி வளைந்த ஒரு வால். சுண்டுவிரல் உயரம்கூட இல்லை. மேலே மலைச்சோலைக் காட்டுக்குள்ளே, வெயில் எட்டிப் பார்க்காத ஓடைப் பாறைகளில் இப்படி ஏதோ பூக்கும் என்று விறகுக்குப் போகிறவர்கள் சொல்லுவார்கள், ஆனால் அது சோலையைவிட்டு இறங்கி, தேயிலைக்காட்டைத் தாண்டி, பெரட்டுக்களம் வரைக்கும் வந்து யாரும் பார்த்ததில்லை.

என் பக்கத்தில் நின்றவள் யார் என்று சொல்ல வேண்டும். ஊர் முழுக்க அவளை உலகம்மா என்றுதான் கூப்பிடும், பேரேட்டிலும் உலகம்மா, ரேஷன் கார்டிலும் உலகம்மா. அவள் நிஜமான பேர் மாடத்தி. உலகம்மா அவளுடைய அக்கா. இது மூன்றாம் டிவிஷனில் எல்லோருக்கும் தெரியும், ஆபீசில் யாருக்கும் தெரியாது, தெரிந்தவர் ஒருவர் உண்டென்றால் அவர் நல்லதம்பி, அவர் தெரிந்துகொள்ளாமலே தெரிந்துவைத்திருந்தார்.

பத்தொன்பது வருசத்துக்கு முன்னால், இதே மாதிரி ஒரு ஆடி மழையில், ஞாயிற்றுக்கிழமை விறகுக்கென்று சோலைக்குள் போன உலகம்மா திரும்பி வரவில்லை. தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள், அக்காவுக்கு இருபத்திரண்டு, தங்கச்சிக்குப் பதினேழு, அக்கா பேரில்தான் வேலை, அக்கா வேலையின் பேரில்தான் வீடு. மூன்று நாள் நாங்கள் எல்லோரும் தேடினோம், ஆண்கள் விசில் ஊதி, தகரம் தட்டிக்கொண்டு, வழி தவறாமல் இருக்க மரத்துக்கு மரம் அரிவாளால் மூன்று கொத்துக் கொத்திக்கொண்டு உள்ளே உள்ளே போனார்கள். எஸ்டேட் சட்டம் என்ன தெரியுமா, தொடர்ந்து நாலு நாள் ஆப்சென்ட் ஆனால் பேரை அடித்துவிடுவார்கள், பேர் இல்லாத வீட்டை ஒரு வாரத்தில் காலி செய்ய வேண்டும். நாலாம் நாள் காலை, ஆண்கள் விடியுமுன்னே சோலைக்குள் போயிருக்க, பெரட்டில் நல்லதம்பி “உலகம்மா!” என்று கூப்பிட்டார். அக்காவின் கம்பளியைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு என் பக்கத்தில் நின்ற மாடத்தி, “இருக்கேன்யா” என்றாள். டிக்.

அவ்வளவுதான். டிக் விழுந்த பேரேடு ஆபீசுக்குப் போனது. அப்போதிருந்த மேனேஜர் பார்த்தார், உலகம்மா வந்துவிட்டாள், பிறகு எதற்குத் தேடுகிறார்கள், மழையில் ஆட்களை அலையவிட்டு வேலை கெடுகிறதே என்று ஆலைச் சங்கை ஊதச் சொன்னார். சோலைக்குள் இருந்தவர்கள் சங்குச் சத்தம் கேட்டு, ஆள் கிடைத்துவிட்டாள் போல என்று சந்தோஷமாகத் திரும்பி வந்தார்கள். வந்தவர்களிடம் நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. மாடத்தி வீட்டை இழக்கக் கூடாது என்பது மட்டும்தான் அந்த நேரத்தில் எங்கள் புத்தியில் இருந்தது, இன்றைக்குப் போய் நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம், நாளைக்குப் போய் மறுநாள் தேடிக்கொள்ளலாம் என்று இருந்தோம், ஆனால் ஆஜர் ஆனவளை எப்படித் தேடுவது? பிறகு ஒரு தடவை ஆபீசில் அங்க அடையாளம் சரிபார்த்தார்கள். அக்காவுக்கு இடது கன்னத்தில் கடுகளவு மச்சம், வலது முழங்கைக்குக் கீழே வெட்டுத் தழும்பு. மாடத்தி சந்தைக்குப் போய்க் கன்னத்தில் ஒரு புள்ளி பச்சை குத்திக்கொண்டு வந்தாள், தேயிலைச் செடியை வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியால் கையைத் தானே கீறிக்கொண்டாள். இரண்டு தடவை கல்யாணம் கூடி வந்தது, இரண்டு தடவையும் பத்திரிகையில் என்ன பேர் போடுவது என்ற இடத்தில் நின்றுபோனது. முப்பத்தாறு வயதுவரை ஒற்றையாகவே இருந்தாள்.

இப்போது பூவுக்கு வருவோம். முதல்நாள் பதில் சொன்னது, சரி, மழைக்கோளாறு என்று விட்டோம். இரண்டாம் நாளும் சொன்னது. மூன்றாம் நாள் மாடத்தி முந்திக்கொள்ளப் பார்த்தாள், நல்லதம்பி ‘உல’ என்று ஆரம்பித்ததுமே வாயைத் திறந்தாள், ஆனால் பூ அவளுக்கும் முந்திக்கொண்டது.

“ஐயா, உலகம்மா நான் இங்கன நிக்கேன்லா,” என்றாள் மாடத்தி.

“உலகம்மாவுக்கு டிக் போட்டாச்சு.”

“அது பூவுய்யா!”

“பதில் வந்துச்சா, வரலியா? வந்த பதிலுக்கு டிக்கு. யாரு வாயில இருந்து வந்துச்சுன்னு பாக்கது என் வேலை இல்ல. அப்படிப் பாத்திருந்தா பத்தொம்பது வருசத்துக்கு முன்னாலயே பாத்திருப்பேன்,” என்றார் நல்லதம்பி, பேரேட்டிலிருந்து தலையைத் தூக்காமலே.

மாடத்தி கூடையை எடுத்துக்கொண்டு எங்களோடு தேயிலைக்காட்டுக்கு வந்தாள், எங்களோடு கிள்ளினாள், ஆனால் பேரேட்டில் அவள் இல்லை. உலகம்மா குழாயடியில் இருந்தாள்.

டிவிஷன் பூவுக்குப் பழகிக்கொண்ட வேகத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். பேரேட்டில் இருக்கிற ஆள் கொழுந்து எடை போடாவிட்டால் கங்காணி ஏசுவானே என்று, சாயங்காலம் எடைக்குப் போகும் வழியில் ஆளுக்கு ஒரு பிடி கொழுந்து பூவின் முன்னால் வைத்துவிட்டுப் போனோம், முதல் வாரத்திலேயே உலகம்மா மூன்றாம் டிவிஷனில் நிறையக் கிள்ளியவள் என்று ஆபீஸ் போர்டில் பேர் வந்துவிட்டது. பத்து மணி டீ கொண்டுவருகிறவள் அதற்கும் ஒரு டம்ளர் வைத்தாள். அட்டை ஏறாமல் சுற்றிலும் உப்பும் மூக்குப்பொடியும் போட்டோம், ஆடுகளைக் குழாயடிப் பக்கம் அவிழ்த்துவிடக் கூடாது என்று தண்டோரா போடாத குறை. யூனியன்காரர் வந்து, நிரந்தரத் தொழிலாளியை நனையவிட்டிருக்கிறார்கள் என்று ஒரு கூட்டம் போட்டுக் கத்தினார், அடுத்த நாளே பூவுக்கு மேலே ஒரு தகரக்கூரை வந்தது, கூரை போட்டதும் அது வாடியது, மறுபடி யூனியன்காரர் வந்து, தொழிலாளியின் மழையைப் பறிக்கிறார்கள் என்று கத்தினார், கூரையைக் கழற்றினார்கள். கீழ் டிவிஷனிலிருந்து வேன் பிடித்து வந்து பார்த்தவர்கள், “அட, இவ்வளவுதானா? நாங்க என்னமோ தாமரைப்பூ கணக்கா இருக்கும்னுல்ல நினைச்சோம்” என்று மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு போனார்கள். அவர்களுக்கு ஒரு வாய் தண்ணீர்கூட நான் கொடுக்கவில்லை.

புதிதாக வந்திருந்த மேனேஜர் பொன்னப்பா காதுக்கு விஷயம் போனது. குடகுக்காரர், நல்ல மனுசன்தான், ஆனால் எதையும் படிவத்தில் எழுதினால்தான் அவருக்குப் புரியும். வந்தார், பாறையருகே குனிந்து, “உலகம்மா?” என்றார். “இருக்கேன்யா,” என்றது பூ. மாடத்தியைப் பார்த்து, “நீ யார்?” என்றார். அவள் கன்னத்துப் புள்ளியைத் தொட்டுக்கொண்டாள். அவர் ஆபீசுக்குப் போய்க் கோயம்புத்தூரில் பூக்களைப் பற்றிப் படித்த ஒரு டாக்டருக்குப் போன் போட்டார்.

அந்த டாக்டரின் பேர் ஹரிஹரசுதன். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, செடிக்கு டாக்டர். வந்து இறங்கியவர் எங்களுக்கு வணக்கம்கூடச் சொல்லாமல் சேற்றில் குப்புறப் படுத்தார், கண்ணில் ஒரு பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. மழை அவர் முதுகில் பெய்தது. நடுநடுவே “ஐயோ, ஐயோ” என்றார். பாம்பு கீம்பு கடித்துவிட்டதோ என்று பயந்துபோனோம், பிறகுதான் தெரிந்தது, அது சந்தோஷம்.

“இது காட்டுக் காசித்தும்பை சாதிம்மா,” என்றார் எழுந்து, மூக்கில் சேறோடு. “நம்ம சோலையைத் தவிர உலகத்துல வேற எங்கயும் வராத சாதி. தண்டே இல்ல பாருங்க, அடியிலேயே இலை. ஈரப்பாறையில பாசியைப் பிடிச்சுக்கிட்டு மூணு மாசம் இருக்கும், மழை போனா அதுவும் போயிடும். வாலோட வளைவை எண்ணிப் பாத்தேன், இதழ் மடிப்பைப் பாத்தேன், இலையில முடியை எண்ணினேன். எந்தப் புத்தகத்துலயும் இல்லாத பூ.”

“பேர்?” என்றார் மேனேஜர் பேனாவைத் திறந்து.

“பேர் இனிமேதான் வைக்கணும். வேரோட எடுத்து, பேப்பர்ல வச்சு அழுத்திக் காயவச்சு, தாள்ல ஒட்டி வச்சாத்தான் பேர் வைக்க முடியும்.”

“அதுக்குப் பேரு இருக்கு சார்,” என்றாள் மாடத்தி. பூ வந்த நாளிலிருந்து அவள் அதைப் பற்றிச் சொன்ன முதல் நல்ல வார்த்தை அதுதான்.

மேனேஜர் உலகம்மாவின் சர்வீஸ் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லி அங்க அடையாளத்தை உரக்கப் படித்தார். இடது கன்னத்தில் கடுகளவு மச்சம். டாக்டர் குனிந்து பார்த்தார், பூவின் இடது இதழில் கடுகளவு ஒரு கறுப்புப் புள்ளி. எல்லோரும் ஒருத்தர் தோளுக்கு மேல் ஒருத்தர் எட்டிப் பார்த்தோம். கங்காணி மட்டும், இது நாம பாக்கிற இடது, பூவோட இடது அந்தப் பக்கம் என்று ஆரம்பித்தான், உடனே களம் இரண்டாகப் பிரிந்தது, பூவுக்கு முகம் எந்தப் பக்கம், வால் இருப்பது முதுகுப் பக்கமா இல்லையா, ஒரு பெண்ணைக் குழாயடியைப் பார்க்க நிறுத்தி, இன்னொருத்தியை மலையைப் பார்க்க நிறுத்தி, ஒரு மணி நேரம் சண்டை. கடைசியில் டாக்டர் பூவுக்குப் பின்னால் போய் மறுபடி படுத்துக்கொண்டு, பூவின் இடதும் அதுதான் என்று தீர்ப்புச் சொன்னார். வலது இலையில், மடிப்புக்குக் கீழே, வெள்ளையாக ஒரு கீறலும் இருந்தது.

“ஆனா ஒண்ணு சார்,” என்றார் டாக்டர். “இந்தப் புள்ளி இந்தச் சாதிப் பூ எல்லாத்துலயும் இருந்தா அது இனத்தோட அடையாளம். இதுக்கு மட்டும்தான் இருக்குன்னா அது ஆளோட அடையாளம். இன்னும் பத்துப் பூவாவது பாக்காம சொல்ல முடியாது. இருக்கிறதோ ஒண்ணு.”

மேனேஜர் யோசித்தார். சனிக்கிழமை பெரட்டில் விசாரணை என்றார். ஒரு பேரில் இரண்டு பேர் இருக்க முடியாது, இரண்டில் எது உலகம்மா என்று அடையாளம் காட்ட வேண்டியது இந்தப் பெண்தான். நான்தான் உலகம்மா என்று இவள் சொன்னால், அது வெறும் செடி, டாக்டர் பிடுங்கிக்கொண்டு போகலாம். அதுதான் உலகம்மா என்று சொன்னால், இவள் இத்தனை வருசம் ஆள்மாறாட்டம் செய்தவள், வேலையும் வீடும் இல்லை. படிவத்தில் இரண்டே கட்டம்தான், அவர் எங்களுக்குக் காட்டினார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் தேயிலைக்கு நடுவே சோற்றுத்தூக்கைத் திறந்துவைத்துக்கொண்டு நாங்கள் எல்லோரும் மாடத்திக்குப் பாடம் எடுத்தோம். “ஒரே வார்த்தை, ஏட்டி. நான்தான் உலகம்மா. சொல்லிட்டுப் போய்க்கிட்டே இரு. பூவு மழைக்கு வந்துச்சு, மழையோட போவுது. நீ எங்க போவ?” என்றேன் நான். எல்லோரும் தலையாட்டினார்கள். அவள் ஒரு கவளத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

“தெரேசக்கா, அன்னிக்கி நான் இருக்கேன்யான்னு சொன்னப்ப உங்களுக்குக் கேட்டுச்சா?”

“கேட்டுச்சு.”

“நான்தான்னு தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சுது.”

“பெறவு ஏன்க்கா சும்மா இருந்தீங்க?”

உனக்கு வீடு போயிரக் கூடாதேன்னு என்றேன். அது நிஜம்தான். மழையில் நாலாம் நாளும் என் வீட்டுக்காரர் சோலைக்குள் அலைய எனக்கு மனசில்லை என்பதும் நிஜம், அதை அவளிடம் சொல்லவில்லை, உங்களிடம்தான் சொல்கிறேன். அவள் கவளத்தைத் தூக்கிலேயே போட்டு மூடிவிட்டாள்.

சனிக்கிழமை மூன்று டிவிஷனும் வந்து களத்தில் நின்றது. டாக்டர் சின்ன மண்வெட்டியும் பழைய செய்தித்தாள் கட்டுமாக நின்றார். மேனேஜர் மேசை போட்டு, குடைக்குக் கீழே படிவத்தை விரித்திருந்தார். மாடத்தி தலையில் கம்பளி இல்லாமல், நனைந்துகொண்டு வந்தாள்.

“சொல்லும்மா. உலகம்மா யார்? நீயா, இதுவா?”

“ரெண்டு பேரும் இல்ல தொரை,” என்றாள். “உலகம்மா இல்ல. ஞாயித்துக்கெழமை வெறகுக்குப் போனவ, வரல. நான் அவ தங்கச்சி மாடத்தி. அவளுக்கு ஆப்சென்ட் போடுங்க.”

நான் தலையில் கையை வைத்துக்கொண்டேன். பாவி மகளே, ஒரே வார்த்தைதானே சொல்லிக்கொடுத்தோம்!

“எந்த ஞாயித்துக்கெழமை?” என்றார் மேனேஜர்.

“பத்தொம்பது வருசத்துக்கு முந்தின ஞாயித்துக்கெழமை.”

“கட்டம் இல்லியே,” என்று மேனேஜர் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மாடத்தி நல்லதம்பியிடம் போனாள். “ஐயா, டிக் போட்டுப் போட்டுத்தான்யா யாரும் தேடல. நீங்க ஆப்சென்ட் போட்டாத்தான் தேடுவாங்க. என்னய என்ன வேணாலும் செய்ங்க. அவளத் தேடச் சொல்லுங்க.”

முப்பது வருசத்தில் முதல்தடவையாக நல்லதம்பி பேரேட்டிலிருந்து நிமிர்ந்து ஒரு முகத்தைப் பார்த்தார். நீ இவ்வளவு கறுப்பா, இவ்வளவு ஒல்லியா என்று யோசிக்கிறவர் மாதிரி பார்த்தார். பிறகு தொண்டையைச் சரிசெய்துகொண்டார். ஆப்சென்ட் போடுவதற்கு முன்னால் மூன்று தடவை கூப்பிட வேண்டும், அது சட்டம். பதில் வந்துவிட்டால் போட முடியாது. எங்கள் கண் எல்லாம் பாசிப்பாறையில்.

“உலகம்மா!”

பூ பேசவில்லை.

“உலகம்மா!”

மழை அதன் இதழில் விழுந்து அதைக் குனியவைத்தது, நிமிர்ந்தது, பேசவில்லை.

“உலகம்மா!” என்று மூன்றாம் தடவை நல்லதம்பி பாறையைப் பார்த்துக் கூப்பிட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. சிவப்புப் பேனாவை எடுத்து ஆப்சென்ட் என்று எழுதினார், எழுதிவிட்டு மேனேஜரைப் பார்த்து, “ஆள் சோலையில காணாமப் போயிருக்கு சார். தேடணும்,” என்றார். மேனேஜர் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். காணாமல் போன தொழிலாளியைத் தேட வேண்டும் என்று இருந்தது, எத்தனை நாளுக்குள் காணாமல் போயிருக்க வேண்டும் என்று எழுத மறந்திருந்தார்கள்.

மாடத்திக்கு வீடு போனது, அதை மறைக்க மாட்டேன். ஒரு வாரத்தில் காலி செய்யச் சொன்னார்கள், இப்போது என் வீட்டில்தான் இருக்கிறாள், என் அடுப்பை எப்படிக் கூட்ட வேண்டும் என்று எனக்கே சொல்லித்தருகிறாள், அது தனித் தலைவலி. ஆனால் அந்தச் சனிக்கிழமை நாங்கள் வீட்டைப் பற்றி நினைக்கவில்லை. மூன்று டிவிஷனும் விசிலும் தகரமுமாகச் சோலைக்குள் இறங்கியது, யூனியன்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார், மேனேஜர் ரெயின்கோட்டோடு வந்தார், நல்லதம்பி பேரேட்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார், மண்வெட்டியைக் களத்திலேயே போட்டுவிட்டு டாக்டரும் வந்தார். பத்தொன்பது வருசம் கழித்து ஒருத்தியைத் தேடிக்கொண்டு, உலகம்மா, ஏ உலகம்மா என்று கத்திக்கொண்டு இருநூறு பேர் போனோம், பாதிப் பேர் அவளைப் பார்த்ததே கிடையாது, அவள் தொலைந்த பிறகு பிறந்தவர்கள், அவர்கள்தான் எங்களைவிட உரக்கக் கத்தினார்கள்.

பழைய அரிவாள் கொத்து மரங்களில் அப்படியே இருந்தது, மரம் பருத்ததில் கொத்தும் அகன்று, உள்ளங்கை வைக்கலாம் போல ஆகியிருந்தது. கொத்துக்குக் கொத்து போனோம். பிரம்புப் புதரைத் தாண்டி, ஓடையைத் தாண்டி, ஒரு பெரிய நாங்கு மரத்தோடு கொத்து முடிந்துவிட்டது. அதற்கு மேல் கொத்து இல்லை. “இங்கன நிக்கும்போதுதான் சங்கு ஊதிச்சு,” என்றார் என் வீட்டுக்காரர். அந்தக் கொத்து அவர் கொத்தியது.

அந்த மரத்தைத் தாண்டி, கொஞ்சம் சரிவில், ஒரு பாறை வீட்டு வாசல் மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் நெற்றி முழுக்க, பக்கம் முழுக்க, தண்ணீர் சொட்டும் இடமெல்லாம் அந்தப் பூ. நூறா, ஐந்நூறா, எண்ண முடியாது. டாக்டர் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார், இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம், பிறகு அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம். “ஒண்ணுலகூடப் புள்ளி இல்ல,” என்றார் கடைசியில். கண்ணாடியைப் பையில் போட்டு மூடிவிட்டு, அதன் பிறகு அவர் ஒரு பூவையும் பிடுங்கவில்லை.

பாறைக்கு அடியில் மண்ணாகிப்போன விறகுக்கட்டு ஒன்று, அதைக் கட்டிய நைலான் கயிறு மட்டும் அவிழாமல். துருப்பிடித்த அரிவாள். கொஞ்சம் தள்ளி, இரண்டு குச்சிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நைலான் சேலையைக் கிழித்துச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தது. உடைந்த காலுக்கு அப்படித்தான் கட்டுவோம், காட்டில் விழுந்தவர்களுக்கு நாங்கள் எல்லோரும் கட்டியிருக்கிறோம், கைமுடிச்சைப் பார்த்ததும் தெரியும். மற்றதை நான் சொல்ல மாட்டேன். ஆக விழுந்ததும் அவள் உயிர் போய்விடவில்லை. உட்கார்ந்து சேலையைக் கிழித்துக் கட்டுப் போட்டுக்கொண்டு காத்திருக்கிறாள். விசில் கேட்டிருக்கும். கூப்பிட்டபோதெல்லாம் பதிலும் சொல்லியிருப்பாள், தகரச் சத்தத்தில் எங்களுக்குத்தான் கேட்டிருக்காது.

என் வீட்டுக்காரர் திடீரென்று நாங்கு மரத்துக்குத் திரும்பிப் போய், அங்கிருந்து பாறைவரைக்கும் எட்டு வைத்து எண்ணிக்கொண்டு வந்தார். ஐம்பது. அப்படி இருக்காது என்று நல்லதம்பி போய் எண்ணினார், ஐம்பத்தொன்று. மேனேஜருக்கு நீளக் கால், முப்பத்தெட்டு. டாக்டர் வழுக்கி வழுக்கி நாற்பத்தைந்து. யூனியன்காரர் எண்ணி முடித்துவிட்டு, தப்பாக எண்ணிவிட்டேன் என்று மறுபடி எண்ணினார். ஒவ்வொருவராகப் போனோம், வரிசையில் நின்று போனோம், இது சரியா அது சரியா என்று சண்டைகூடப் போட்டோம், எண்ணிக்கை கொஞ்சம் கூடினால் தேவலாம் என்று இருந்தது, நூறோ இருநூறோ வந்தால் யாராலும் அவ்வளவு தூரம் போயிருக்க முடியாது என்று சொல்லிக்கொள்ளலாமே. எனக்குச் சின்ன எட்டு, அறுபத்திரண்டு வந்தது.

நாங்கள் எல்லோரும் மரத்திலிருந்து பாறைக்கு எண்ணினோம். மாடத்தி பாறையிலிருந்து மரத்துக்கு எண்ண உட்கார்ந்தாள். வலது காலை உடைந்த கால் மாதிரி நீட்டி விறைப்பாக வைத்துக்கொண்டு, இரண்டு கையையும் ஈர மண்ணில் ஊன்றி, பின்பக்கமாக உடம்பை இழுத்து இழுத்து, “அக்கா, ஒண்ணு. அக்கா, ரெண்டு,” என்று நகர ஆரம்பித்தாள். தூக்கப் போன கங்காணியை நான்தான் தடுத்தேன். அட்டை ஏறியது, முள் கிழித்தது, வேரில் மாட்டிக்கொண்டு ஓர் இடத்தில் வெகுநேரம் கிடந்தாள், பிறகு மறுபடி இழுத்தாள். நூற்றைத் தாண்டியதும் அவளுக்கு எண்ணிக்கை தடுமாறியது, அதனால் நாங்கள் சேர்ந்து எண்ணினோம், இருநூறு பேரும் மழையில் நின்று, ஒவ்வொரு இழுப்புக்கும் ஒன்றாக, உரக்க. இருநூற்று முப்பத்தொன்றில் அவள் கை மரத்தைத் தொட்டது.